மட்சுமோட்டோ பள்ளிக்கூடத்துக்கு மெய்ஜி பேரரசர் வந்த கதை: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

ஜப்பானின் மட்சுமோட்டோ ஊரில் இருக்கும் கைச்சி பள்ளியின் படத்தைப் போட்டு, 1880 ஜூனில் மெய்ஜி பேரரசர் இங்கே வந்தார் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. முடிந்தவரை சொல்கிறேன்.

கேள்வி: ராஜா வந்தால் கூட்டம் கூடத்தான் செய்யும். இதில் ஊருக்கு என்ன தனி எதிர்பார்ப்பு?

காசு ஐயா, காசு. 1872-இல் எல்லாப் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்று அரசு சட்டம் போட்டது, செலவைப் பெரும்பாலும் ஊரின் தலையில் கட்டியது. 1876-இல் எழும்பிய இந்தக் கட்டடத்துக்கு ஆன செலவு சுமார் 11,000 யென். அதில் ஏறக்குறைய எழுபது சதவீதம் ஊர் மக்கள் கொடுத்தது. தன் கைக்காசைப் போட்டுக் கட்டிய ஒன்றை நாட்டிலேயே பெரிய மனிதர் வந்து பார்க்கிறார் என்றால், 'நாம் கொடுத்தது வீண் போகவில்லை' என்று அவர் வாயால் கேட்க மனசு ஏங்காதா?

கேள்வி: மக்கள் மனமுவந்தா கொடுத்தார்கள்? நம்ப முடியவில்லை.

எல்லோரும் அப்படிக் கொடுத்திருப்பார்கள் என்று நானும் நம்பவில்லை. 1873-இல் மிமாசாக்கா பக்கமும் 1876-இல் மியே பக்கமும் கலவரக்காரர்கள் பள்ளிக்கூடங்களையே கொளுத்தினார்கள். புதிய வரி, கட்டாய ராணுவச் சேவை, எல்லாக் கோபமும் சேர்ந்து வெடித்தது. மட்சுமோட்டோவில் அப்படி நடக்கவில்லை. ஆளுநர் நகயாமா மொரிதெரு ஊர் ஊராகப் போய் படிப்பைப் பற்றிப் பேசியது ஒரு காரணம்.

கேள்வி: படத்தில் வாசலுக்கு மேலே இரண்டு குட்டித் தேவதைகள், கீழே டிராகன். இது என்ன கலவை?

எனக்கு ரொம்பப் பிடித்த இடமே அதுதான்! கட்டியவர் ததெய்ஷி செய்ஜூ, உள்ளூர்த் தச்சர். தோக்கியோ, யோக்கஹாமா போய் வெள்ளைக்காரக் கட்டடங்களைப் பார்த்துவிட்டு வந்து தன் கைப்பழக்கத்தில் செய்தார். பெயர்ப்பலகையைத் தூக்கிப் பிடிக்கும் தேவதைகள் ஒரு தோக்கியோ நாளிதழின் தலைப்பிலிருந்து வந்தவை என்கிறார்கள். மூலையில் கல் மாதிரி தெரிவது கல் இல்லை, சுண்ணச்சாந்துப் பூச்சு. சன்னல் முழுக்கக் கண்ணாடி என்பதால் ஊர்க்காரர்கள் 'கியாமான் பள்ளிக்கூடம்', அதாவது கண்ணாடிப் பள்ளிக்கூடம் என்றே கூப்பிட்டார்கள்.

கேள்வி: பெருமை மட்டும்தானா? அரசியல் எதுவும் இல்லையா?

இருந்தது. மட்சுமோட்டோ அதுவரை சிக்குமா மாகாணத்தின் தலைநகர். 1876-இல், கட்டடம் திறந்த சில மாதத்திலேயே, மாகாணத்தைக் கலைத்துப் பெரும்பகுதியை நகானோவோடு சேர்த்துவிட்டார்கள். தலைநகர் அந்தஸ்து போன ஊருக்கு இந்தப் பள்ளி ஒன்றுதான் மார்தட்டிக் காட்ட மிச்சம் என்பது என் கணிப்பு. அப்புறம் இன்னொன்று: அதே 1880-இல் இந்த ஊரைச் சேர்ந்த ஷோக்யோஷா என்ற அமைப்பு நாடாளுமன்றம் வேண்டும் என்று தோக்கியோவுக்கு மனு கொண்டுபோனது. ஆக, வாசலில் குனிந்து வரவேற்ற ஊரில்தான் உரிமை கேட்கும் குரலும் இருந்தது.

கேள்வி: சரி, பேரரசர் மகிழ்ந்தாரா?

இந்த ஊரைப் பார்த்து என்ன நினைத்தார் என்பதைவிட, அதற்கு இரண்டு வருஷம் முன்பு நடந்ததுதான் சுவாரஸ்யம். 1878 சுற்றுப்பயணத்தில் சில பள்ளிகளில் விவசாயி வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் கடகடவென்று பேசிக் காட்டினார்கள். அதை ஜப்பானிய மொழியில் சொல்லு என்றால் திணறினார்கள். அவருக்கு அது உறுத்தியது. 1879-இல் அவருடைய ஆசிரியர் மொதோதா நகஸானே எழுதிய அறிக்கை, முதலில் பெற்றோர் பக்தியும் விசுவாசமும், வெளிநாட்டு அறிவு அப்புறம்தான் என்றது. ஊர் காட்ட நினைத்தது கண்ணாடியும் கோபுரமும், அவர் தேடி வந்தது அடக்கமான பிள்ளைகளை. இரண்டும் ஒரே வகுப்பறையில் சந்தித்திருக்கின்றன, அவ்வளவுதான்.

கேள்வி: இப்போதும் பள்ளிதானா?

இல்லை. 1963 வரை பிள்ளைகள் படித்தார்கள். அப்புறம் மெதோபா ஆற்றங்கரையிலிருந்து இப்போதைய இடத்துக்குப் பெயர்த்துக் கொண்டுபோய் அருங்காட்சியகமாக்கினார்கள். 2019-இல் தேசியப் பொக்கிஷம் ஆனது. ஊரில் இருக்கும் மட்சுமோட்டோ கோட்டையிலிருந்து நடந்தே போகலாம்.