தீர்ப்பும் தேடுபொறியும்

வணக்கம் சார்,

நீதிமன்றங்கள் எல்லாத் தீர்ப்புகளையும் இணையத்தில் ஏற்றுவதைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். அதன் மறுபக்கம் எங்கள் வீட்டில் இருக்கிறது.

என் தம்பிக்குச் சில வருடங்களுக்கு முன் பைக் விபத்து. இடுப்பெலும்பு முறிந்து, உள்காயமும் பட்டது. மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் இழப்பீடு கொடுத்தது. தொகை அதிகம் என்று இன்சூரன்ஸ் கம்பெனி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அங்கேயும் எங்கள் பக்கம்தான் தீர்ப்பு. இப்போது தேறி, வேலைக்குப் போகிறான். பெண் பார்க்கிறோம். பேசி முடித்த இடங்கள் காரணம் சொல்லாமல் விலகின. கடைசியாக ஒரு வீட்டில் பெண்ணின் தாய்மாமா நேராகவே கேட்டுவிட்டார்: "கூகுள்ல பேரைப் போட்டா தீர்ப்பு வருதே, அதுல டாக்டர் சொல்லியிருக்கிறது உண்மையா?" தம்பி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான்.

ஜெயித்த வழக்குக்கு இதுதான் பரிசா? தீர்ப்புகளை இணையத்தில் போடுவதையே நிறுத்தினால் என்ன? அவன் பெயரை எடுக்க வழி உண்டா?

— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டேன். காயத்தைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததையும் சுருக்கிவிட்டேன். கடிதம் புரிவதற்கு அது தேவைப்படவில்லை. தீர்ப்பு எழுதுகிறவர்களிடம் நான் எதிர்பார்ப்பதும் ஏறக்குறைய இவ்வளவுதான்.

விபத்து வழக்கில் பணம் மொத்தமாக வருவதில்லை, தலைப்புத் தலைப்பாக வருகிறது. மருத்துவச் செலவு, வருமான இழப்பு, வலியும் வேதனையும், வாழ்க்கை வசதிகளின் இழப்பு. திருமண வாய்ப்பு பாதிக்கப்பட்டிருந்தால் அதற்கும் தொகை உண்டு. ஒவ்வொன்றுக்கும் சாட்சியம் வேண்டும். மருத்துவர் கூண்டில் ஏறி, எந்த உறுப்பு, எத்தனை சதவீத ஊனம், எதெல்லாம் இனி முடியாது என்று சொல்லியாக வேண்டும். கூச்சப்பட்டு ஒன்றை விட்டால் அந்தத் தலைப்பில் பணம் போய்விடும். நீதிபதியும் காரணத்தை எழுதாமல் தொகையை மட்டும் போட்டால், அதையே பிடித்துக்கொண்டு எதிர்த்தரப்பு மேல்முறையீடு செய்யும். ஆக, உங்கள் தம்பியின் உடம்பைப் பற்றி அந்தத் தீர்ப்பில் எழுதியதில் தவறில்லை. எழுதித்தான் தீர வேண்டும். ஆனால் அந்தக் கணக்குக்கு வேண்டியது வயது, வருமானம், ஊன சதவீதம். பெயரை எடுத்துவிட்டால் ஒரு ரூபாய்கூட மாறாது.

இணையத்தில் ஏற்றுவதையே நிறுத்தலாம் என்கிறீர்களே, அதற்கு நான் வர மாட்டேன். காவல் நிலையச் சாவிலும் சாதி வன்கொடுமையிலும் நீதிமன்றம் என்ன சொன்னது என்பதை ஒரு காலத்தில் சட்ட இதழ்களுக்குச் சந்தா கட்டியவர்கள்தான் படித்தார்கள். இன்று யார் வேண்டுமானாலும் படிக்கலாம். உங்கள் வக்கீலும் இணையத்தில் கிடைத்த யாரோ ஒருவருடைய விபத்துத் தீர்ப்பைக் காட்டித்தான் உங்களுக்குத் தொகை வாங்கியிருப்பார்.

இந்தச் சிக்கலின் வேர் ஒரு தமிழ்நாட்டு வழக்கில் இருக்கிறது. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை நக்கீரன் வெளியிடப் பார்த்தது, சிறைத்துறை தடுக்கப் பார்த்தது. 1994-ல் உச்ச நீதிமன்றம், தனியுரிமை என்பது வாழும் உரிமைக்குள் அடக்கம் என்று தெளிவாகச் சொன்னது. கூடவே ஒரு விலக்கும் வைத்தது: நீதிமன்ற ஆவணங்கள் உள்ளிட்ட பொது ஆவணங்களில் ஒரு விஷயம் வந்துவிட்டால் அதற்கு அந்த உரிமை கிடையாது. பாலியல் வன்முறை, கடத்தல் போன்றவற்றில் பாதிக்கப்பட்ட பெண்களுக்கு மட்டும் பாதுகாப்பு.

1994-ல் பொது ஆவணம் என்றால் என்ன? ரெக்கார்டு ரூமில் நாடா போட்டுக் கட்டிய வழக்குக் கட்டு. வேண்டுமென்றால் வழக்கு எண்ணைத் தெரிந்துகொண்டு, நகல் மனு போட்டு, வாரக்கணக்கில் அலைய வேண்டும். எந்தத் தாய்மாமாவும் அதைச் செய்ய மாட்டார். இன்று எண் தேவையில்லை, பெயர் போதும். விலக்கு மட்டும் அன்றைக்கு எழுதியபடியே இருக்கிறது. 2017-ல் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் தனியுரிமையை அடிப்படை உரிமை என்று உறுதிசெய்த பிறகும் இந்த முடிச்சு அவிழவில்லை.

சென்னை உயர் நீதிமன்றத்திலேயே இதன் இழுபறி நடந்தது. குற்ற வழக்கில் விடுதலையான ஒருவர் தீர்ப்பிலிருந்து தன் பெயரை நீக்கக் கேட்டார். 2021-ல் தனி நீதிபதி, அதற்கென்று சட்டம் வரட்டும் என்று மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு நீக்கச் சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. இடையில் 2023-ல் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. அதில் நீதிமன்றங்களும் தீர்ப்பாயங்களும் தங்கள் பணிக்காகத் தரவைக் கையாளுவதற்கு விலக்கு. காத்திருந்த சட்டம் வந்தும் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டது.

பெயரை மறைப்பது நம் சட்டத்துக்குப் புதிதுமல்ல. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் பெயரை வெளியிடுவது குற்றம். போக்சோவிலும் சிறார் நீதிச் சட்டத்திலும் அப்படியே. 2017-ன் எச்ஐவி சட்டம் பெயரை மறைத்து விசாரிக்க வழி தருகிறது. இந்துத் திருமணச் சட்டம், மூடிய அறையில் விசாரணை, விவரங்களை வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் அபராதம் அதிகபட்சம் ஆயிரம் ரூபாய்! உயர் நீதிமன்றத் தீர்ப்பு என்றால், அந்த நீதிமன்றத்தின் அனுமதியோடு அதையும் வெளியிடலாம். குடும்ப வழக்குகளில் தரப்பினர் கேட்டுக்கொண்டால் அவர்களுடைய சொந்த விவரங்களை நீதிமன்றப் பதிவகம் வெளியிடக் கூடாது என்று 2022 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது நல்ல தொடக்கம். விபத்தில் அடிபட்டவர் மட்டும் இந்தப் பட்டியல் எதிலும் இல்லை. அவருடைய காயத்தில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று நினைத்திருப்பார்கள் போலிருக்கிறது. பெண் பார்க்கப் போகாதவர்கள்.

வெளியே பார்த்தால், 1997-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பின்லாந்துக்கு எதிராகச் சொன்ன தீர்ப்பு நினைவுக்கு வருகிறது. கணவர் மேல் குற்ற வழக்கு. மனைவியின் மருத்துவக் குறிப்புகளை எடுத்தார்கள், அவருடைய மருத்துவர்களைச் சாட்சி சொல்ல வைத்தார்கள். விசாரணைக்கு அது தேவைதான் என்று ஐரோப்பிய நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் மேல்முறையீட்டுத் தீர்ப்பில் அந்தப் பெண்ணின் பெயரையும் எச்ஐவி இருப்பதையும் வெளிப்படுத்தியதற்கு அவசியமே இல்லை, அது உரிமை மீறல் என்றது. விசாரணைக்கு ஒரு விவரம் தேவைப்படுவதும், அது பெயரோடு ஊருக்குத் தெரிவதும் வேறு வேறு என்று பிரித்துப் பார்த்ததுதான் அதில் எனக்குப் பிடித்தது.

எல்லோருக்கும் இதைக் கொடுக்கவும் மாட்டேன். சீட்டுக் கம்பெனி நடத்தி ஏமாற்றித் தண்டனை பெற்றவர், லஞ்சம் வாங்கிய அதிகாரி, மாணவியைத் தொந்தரவு செய்து வேலை இழந்த ஆசிரியர் எல்லோரும் நாளை இதே மனுவோடு வருவார்கள், உங்களைவிட நல்ல வக்கீலோடு. என் அளவுகோல் இதுதான்: ஒருவர் செய்ததற்காக அவர் பெயர் தீர்ப்பில் இருந்தால் இருக்கட்டும், அவருக்கு நேர்ந்ததற்காக இருந்தால் எடுங்கள். விடுதலையானவர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். அவரைப் பற்றி நானே இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

சரி, நீங்கள் செய்யக்கூடியது. தீர்ப்பு சொன்ன உயர் நீதிமன்றத்திலேயே, முடிந்த அந்த மேல்முறையீட்டில் பெயரை மறைக்கக் கேட்டு மனு போடலாமா என்று வக்கீலிடம் கேளுங்கள். விடுதலையானவரின் வழக்கும் உங்களுடையதும் வேறு என்பதை முதலிலேயே சொல்லச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உச்ச நீதிமன்றத் தடையைக் காட்டி மனுவை ஓரம் கட்டிவிடுவார்கள். கேட்பது தீர்ப்பை நீக்குவதை அல்ல, பெயருக்குப் பதில் எழுத்துப் போட்ட பிரதியை ஏற்றுவதை. பழைய தீர்ப்பைப் பிரதி எடுத்துப் போட்டிருக்கும் சட்டத் தளங்களுக்கும் அந்த உத்தரவு பொருந்தும் என்று அதிலேயே இருக்க வேண்டும். கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

அப்புறம், பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். 1998-ல் உச்ச நீதிமன்றம் விசாரித்த ஓர் எச்ஐவி வழக்கில் மனுதாரர் பெயர் 'எக்ஸ்' என்றே இருக்கிறது. ஆனால் அவர் என்ன வேலையில் இருந்தார், யாருக்கு ரத்தம் கொடுக்க வந்தார் என்றெல்லாம் உள்ளே எழுதியிருப்பதால், அவரை அறிந்தவர்களுக்குப் புரியாமல் இருந்திருக்காது. உங்கள் மனுவில் அப்பா பெயர், கிராமம், வேலை பார்க்கும் கம்பெனி, வண்டி எண் என்று ஒவ்வொன்றையும் எந்தப் பத்தியில் வருகிறது என்று குறித்துக் கேளுங்கள்.