வீட்டு விஷயத்தை வெளியே பேசலாமா?

கேள்வி: என் கணவருக்கு ஆறு வருடங்களாக இருதுருவ மனநோய் (பைபோலார்); சில காலம் அளவு மீறிய உற்சாகம், சில காலம் ஒரேயடியான சோர்வு. அதற்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறார். மாதம் ஒருமுறை அரசு மருத்துவமனைக்கு நான்தான் கூட்டிப் போகிறேன். அங்கே மாத்திரை வாங்கும் வரிசையில், என்னைப் போலவே கணவரை அழைத்து வரும் இரண்டு பெண்கள் பழக்கமானார்கள். மாதத்தில் ஒருநாள் மூவரும் உட்கார்ந்து பேசலாமா என்று கேட்கிறார்கள். மாமியாரோ, 'வீட்டு விஷயத்தை வீதிக்குக் கொண்டு போகாதே' என்கிறார். பேசினால் மனசு லேசாகும் என்று தெரிகிறது. ஆனால் அவருக்குத் துரோகம் செய்வது போலவும் இருக்கிறது. போகலாமா?
- பெயர் வேண்டாம், திருநெல்வேலி மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரி, போங்கள். தயங்கவே வேண்டாம்.

என் அக்காவின் கணவருக்கு மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா). பதினோரு வருடம் அக்கா யாரிடமும் மூச்சு விடவில்லை. மாத்திரை அட்டைகள் கடுகு டப்பாவுக்குப் பின்னால் இருக்கும். யாராவது பார்த்துக் கேட்டால் 'சுகர் மாத்திரை' என்பாள். ஒருநாள் மருத்துவமனை பெஞ்சில் பக்கத்திலிருந்த அம்மா கேட்டாராம்: "ராத்திரி தாழ்ப்பாள் சத்தம் கேட்டா உங்களுக்கும் முழிப்பு வந்துடுமா?" அவ்வளவுதான், அக்கா அங்கேயே அழுதுவிட்டாள். கூடப் பிறந்த எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றியதே இல்லை. அதை அனுபவித்தவருக்குத்தான் கேட்கத் தெரிந்தது.

பிள்ளைக்கு இந்த நோய் வந்தால் பெற்றவர்களைப் பார்த்து ஊர் பரிதாபப்படும். கணவருக்கு வந்தால், 'கல்யாணத்துக்கு முன்னாடி நல்லாத்தானே இருந்தான்' என்று மனைவியைப் பார்க்கும். அதற்கு மேல், கஷ்டம் வந்தால் யாரிடம் சொல்லி ஆறுவோமோ அந்த மனிதரே நோயில் கிடக்கிறார். இதை அடுத்தவருக்கு விளக்கிச் சொல்லவே தெம்பு வேண்டும். அந்த இரண்டு பேரிடம் விளக்க வேண்டியதில்லை.

இது புதிதும் இல்லை. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், நோயாளிகளின் குடும்பத்தாரையும் வளாகத்திலேயே கூடாரங்களில் தங்க வைத்தார். வீட்டார் கூடவே இருந்து நோயைப் பற்றிக் கற்றுக்கொண்டார்கள். வேலூர் சிஎம்சியின் மனநலப் பிரிவிலும் குடும்பத்தார் உடன் தங்குவது பல காலமாக உள்ள வழக்கம். சென்னையில் ஆஷா என்ற அமைப்பை நடத்துவதே இப்படிப்பட்ட குடும்பத்தார்தான்.

உங்கள் கணவருக்கும் இதனால் நன்மை உண்டு. 1970களில் லண்டனில், மனச்சிதைவு நோயாளிகளின் குடும்பங்களை ஆராய்ந்தார்கள். சதா குறை சொல்லும் வீட்டுக்குத் திரும்பியவர்களுக்கு நோய் மறுபடி தலைதூக்குவது அதிகமாக இருந்தது. அப்படிக் குறை சொல்பவரோடு வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகம் பார்த்து இருந்தால் இன்னும் அதிகம். இருதுருவ நோயிலும் வீட்டுச் சூழல் இப்படிப் பாதிப்பதைப் பிறகு கண்டார்கள். இதைப் படித்துவிட்டு உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். ஓய்வே இல்லாதவளுக்கு வாயில் நல்ல வார்த்தை எங்கிருந்து வரும்? நீங்கள் இரண்டு மணி நேரம் வெளியே போய் வருவது அவருக்கும் மருந்துதான்.

என்ன பேசுவது என்று யோசிக்க வேண்டாம், தானாக வரும். மூன்று மணி நேரத் தூக்கம் போதும் என்று அவர் எழுந்து உட்காருவது, நடுராத்திரியில் புதுக் கடை வைக்கக் கணக்குப் போடுவது, இதெல்லாம் நோய் திரும்பும் அறிகுறியா என்று ஒருவரை ஒருவர் கேட்கலாம். கோடையில் வியர்த்தோ, வயிற்றுப்போக்கிலோ உடம்பில் நீர் குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறும். கடையில் கேட்டு வாங்கும் சில வலி மாத்திரைகளும் அதை ஏற்றும். கை நடுக்கம் கூடி, நடை தள்ளாடினால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இதை டாக்டர் சொல்லியிருப்பார், அந்தக் கூட்டத்தில் உங்கள் காதில் விழுந்திருக்காது. ஆனால் அந்தப் பெண்களின் கணவருக்கு எத்தனை மாத்திரை என்று கேட்டு உங்கள் கணவருக்குக் கூட்டிக் குறைக்கும் வேலை மட்டும் கூடவே கூடாது.

பேச்சோடு நிற்க வேண்டாம். ஒருவர் கணவரை வார்டில் சேர்க்க நேர்ந்தால், இன்னொருவர் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வரலாம். ராத்திரி பதினொரு மணிக்கு யாருக்குப் போன் செய்யலாம் என்று இப்போதே பேசி வையுங்கள். யாரும் எடுக்காவிட்டால், அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. எந்நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள், கட்டணமில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, சிகிச்சை விஷயத்தில் தன் சார்பில் யார் நிற்க வேண்டும் என்று உங்கள் கணவர் நிதானமாக இருக்கும்போதே எழுதிக் கையெழுத்திட்டுத் தரலாம். மூன்று வீட்டிலும் அதைச் செய்துவிடுங்கள்.

துரோகம் என்ற உறுத்தலுக்கு ஒரே வழி, அவரிடம் சொல்லிவிட்டுப் போவதுதான். அவர் நன்றாக இருக்கும் ஒரு மாலையில், 'உங்களைப் பற்றிக் குறை சொல்லப் போகவில்லை, என் களைப்பைச் சொல்லப் போகிறேன்' என்று சொல்லுங்கள். எதை வெளியே சொல்ல வேண்டாம் என்று அவர் கேட்கிறாரோ, அதைச் சொல்லாதீர்கள். வாட்ஸாப்பில் மருந்துச் சீட்டைப் படமெடுத்துப் போடவும் வேண்டாம்.

அப்புறம், உங்கள் மாமியார். நாலைந்து மாதம் போகட்டும், ஒருநாள் அவரையும் கூட்டிப் போங்கள். பெற்ற மகனுக்கு இப்படி ஆனதைப் பற்றி இந்த ஆறு வருடத்தில் அவரும் யாரிடமும் பேசியிருக்க மாட்டார்.