நாலு மாதம் பொறுங்கள், விலகல் கடிதம் கொடுக்காதீர்கள்
தம்பி, சிறுநீரக வருத்தம் கூடிக்கொண்டு போகுது, வவுனியாவில் காமெண்டுக்கு (ஆடைத் தொழிற்சாலைக்கு) வேலைக்குப் போய் நாலு வருடம் எட்டு மாதம் ஆகுது, இந்த மாதமே விலகிவிடவா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். பணிக்கொடை என்பது வேலையை விட்டுப் போகும்போது முதலாளி தரும் மொத்தப் பணம். இலங்கையின் 1983 பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தால்தான், மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்று கணக்குப் பார்த்துத் தருவார்கள், நாலு வருடம் எட்டு மாதத்துக்கு ஒரு சதமும் இல்லை. அதுவரை லீவை எழுத்தில் கேளுங்கள், ஒப்புதலையும் எழுத்திலேயே வாங்குங்கள், சூப்பர்வைசர் "சரி சரி" என்று தலையாட்டியது பிறகு உதவாது.

ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) வேறு கதை. உங்களுடைய 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் எத்தனை மாதம் விழுந்ததோ அதுவும் வட்டியும்தான், ஆனால் இனி நிரந்தரமாக வேலை செய்யவே முடியாது என்று வைத்தியச் சான்று இருந்தால் 55 வயது வரை காத்திருக்கத் தேவையில்லை. வேலையில் இருந்தபடியே வைத்தியத்துக்கு 30 வீதம் எடுக்கலாம் என்று யாரும் சொன்னால், அதற்குப் பத்து வருடப் பங்களிப்பு வேண்டும், உங்களுக்குச் சரிவராது.

பணம் எடுக்கும்போது சிக்கல் வராமலிருக்க, இன்றைக்கே சம்பளச் சிட்டையில் இருக்கிற பெயரை அடையாள அட்டையோடு ஒத்துப் பாருங்கள். என் மச்சாளுக்கு முதலெழுத்து ஒன்று மாறி விழுந்திருந்தது, கிளினிக் கொப்பியைச் சொப்பின் பையில் போட்டுக்கொண்டு செட்டிகுளத்துக்கும் டவுனுக்கும் எத்தனை பஸ் ஏறினா தெரியுமா!

அரசாங்கத்தின் சிறுநீரக நோயாளர் கொடுப்பனவுக்குச் சேவைக்காலம் பார்ப்பதில்லை, குடும்ப வருமானம்தான். பிரதேச செயலகத்தில் இப்போதே பதிந்து வையுங்கள்.