விடறதா சுடறதா? டெக்சஸ் மான் வேட்டை பத்தி கேட்டதுக்கெல்லாம் பதில்

டெக்சஸ்ல பொது சீசன் நவம்பர் முதல் சனிக்கிழமை ஆரம்பிக்குது, அதான் ஒரு வாரமா நம்ம ஆளுங்க வரிசையா கேட்டுட்டு இருக்காங்க. எல்லாத்துக்கும் தனித்தனியா போன்ல சொல்லி மாளல. பதினோரு வருஷமா லீ கவுண்டி (கவுண்டின்னா நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) பக்கம் நாலு பேரு சேர்ந்து லீஸுக்கு எடுத்த நிலத்துல வேட்டைக்கு போறேன், அந்த அனுபவத்துல சொல்றேன், அவ்வளவுதான்.

கேள்வி (ஆஸ்டின் தம்பி): அண்ணா, முதல் தடவை போறேன். மான் வந்து நின்னா சுடலாமா வேணாமான்னு எப்படி டக்குனு முடிவு பண்றது?

பதில்: டக்குனு முடிவு பண்ணாத, அதான் தம்பி பதிலே. ஃபீடர் (தீனி கொட்டற டப்பா) கிட்ட சோளம் திங்க வந்த மான் பெரும்பாலும் பத்து நிமிஷமாவது நிக்கும், உனக்குத்தான் நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும், இங்க அதுக்கு பக் ஃபீவர்னு பேரே வெச்சிருக்காங்க. மொதல்ல பைனாகுலர எடு. என்ன மான்னு பாக்கறதுக்கு துப்பாக்கி ஸ்கோப்ப தூக்காத, அங்க மானுக்கு பதிலா மனுசன் நின்னா என்ன ஆகும்னு யோசி. இது சட்டப்படி சுடக்கூடிய மானா, எப்படி நிக்குது, அதுக்கு பின்னாடி என்ன இருக்கு, இந்த மூணும் தெரியணும். மேட்டு உச்சில வானத்த முதுகுக்கு வெச்சுட்டு நிக்குதுன்னா அது எவ்வளவு பெரிய கெடாவா (ஆண் மானா) இருந்தாலும் விட்ரு, குண்டு அந்தப் பக்கம் எங்க போய் விழும்னு உனக்கும் தெரியாது எனக்கும் தெரியாது.

கேள்வி (கேட்டி நண்பர்): 13 இஞ்ச் ரூல்னு சொல்றாங்களே, மான் கிட்ட போய் டேப் வெச்சா அளக்க முடியும்?

பதில்: டேப்பு அது காதுலயே இருக்கு சார். ரூல் இதுதான்: அது இருக்கற கவுண்டில கெடாவோட ரெண்டு கொம்புக்கும் நடுவுல உள்பக்க அகலம் 13 இஞ்சாவது இருக்கணும். வெள்ளைவால் மான் காத விறைச்சு நிமித்தி நம்மள பாக்கும்போது ஒரு காது நுனியில இருந்து இன்னொரு காது நுனி சுமாரா 13 இஞ்ச். கொம்போட உள்பக்க அகலம் காது நுனிய தாண்டி வெளிய போகுதுன்னா சுடலாம். காத பின்னாடி மடக்கி இருந்தாலோ பக்கவாட்டுல நின்னாலோ இந்தக் கணக்கு உதவாது, தலைய நேரா திருப்பற வரைக்கும் காத்திருக்கணும். 2002ல எங்க லீ கவுண்டியோட சேத்து ஆறு கவுண்டில இத சோதனையா கொண்டு வந்தாங்க, அப்புறம் நிறைய கவுண்டிக்கு பரவிடுச்சு. காரணம் என்னன்னா அதுக்கு முன்னாடி சுட்ட கெடால பெரும்பகுதி ஒன்றரை வயசுப் பசங்க, கொம்ப பாத்த உடனே சுட்டா அப்புறம் வயசான கெடா எங்க இருந்து வரும்?

ஒரு கொம்பாவது கிளையே இல்லாம ஒத்தையா இருந்தா அதயும் சுடலாம், ரெண்டு கொம்பும் அப்படி இருந்தா ஸ்பைக்னு சொல்வாங்க. ஆனா ஸ்பைக் காலம் பூரா ஸ்பைக்காவே இருக்கும்னு பழைய ஆளுங்க சொல்றத நம்பாதீங்க, லேட்டா பொறந்து தீனி சரியா கிடைக்காத குட்டிக்கும் மொத வருஷம் அப்படித்தான் முளைக்கும், அடுத்த வருஷமே கிளை விடும்.

கேள்வி (ஃப்ரிஸ்கோ தம்பி): கொம்ப விடுங்கண்ணா, வயச எப்படி கண்டுபிடிக்கறீங்க?

பதில்: உடம்பு சொல்லும். ஒன்றரை வயசு கெடா நெட்டக்கால், ஒல்லிக்கழுத்து, பெட்டை மானுக்கு கொம்பு ஒட்ட வெச்ச மாதிரி இருக்கும். மூன்றரைல நெஞ்சு ஆழம் வந்துடும் இடுப்பு மட்டும் ஒட்டி இருக்கும், பந்தயக் குதிரை மாதிரி. அஞ்சு வயச தாண்டுனா கழுத்து எங்க முடியுது தோள் எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாது, வயிறு தொங்கும், கால் குட்டையான மாதிரி தெரியும், நம்ம ஊர் பெரிய மனுசங்க நடக்கற மாதிரி ஒரு தோரணை வந்துடும். நவம்பர்ல இணை சேர்ற நேரம் எல்லா கெடாவுக்கும் கழுத்து வீங்கி இருக்கும், அத மட்டும் பாத்து ஏமாறாத. சுட்டதுக்கப்புறம் கடவாய்ப்பல் தேய்மானத்த பாத்தும் வயசு சொல்வாங்க, ஆனா அப்ப தெரிஞ்சு என்ன பிரயோஜனம்.

கேள்வி (சான் அன்டோனியோ நண்பர்): பெட்டை மான் தானே, அதுல என்ன பெருசா பாக்க இருக்கு?

பதில்: நானும் அப்படித்தான் நெனச்சேன் சார், ரெண்டாவது வருஷம். சாயங்காலம் ஒரே ஒரு மான் தனியா வந்துச்சு, கொம்பு இல்ல, பெட்டைதான்னு சுட்டேன். கிட்ட போய் தலைய தடவுனா தோலுக்கு அடியில ரெண்டு மொக்கு. ஆறு மாசக் கெடாக்குட்டி. சட்டப்படி தப்பில்ல, கொம்பு தோல கிழிச்சு வெளிய வரலன்னா கொம்பில்லாத மான் கணக்குதான், ஆனா அன்னைக்கு வீட்டுக்கு ஓட்டிட்டு வர்ற ஒன்றரை மணி நேரமும் ரேடியோ கூட போடல.

அதுல இருந்து பழகுனது: தனியா முதல்ல துணிஞ்சு வர்ற சின்ன மான சந்தேகப்படு, பெரும்பாலும் அது கெடாக்குட்டிதான், அதுங்களுக்கு பயம் கம்மி. காதுக்கு நடுவுல மண்டை உருண்டையா இருந்தா பெட்டை, தட்டையா இருந்தா கெடா. மூஞ்சி குட்டையா உடம்பு சதுரப்பெட்டி மாதிரி இருந்தா குட்டி, மூஞ்சி நீண்டு உடம்பு நீளவாக்குல இருந்தா பெருசு. ஒத்தையா நின்னா அளவு தெரியாது, இன்னொன்னு வந்து பக்கத்துல நிக்கட்டும். பெட்டை சுடற நாளும் எண்ணிக்கையும் கவுண்டிக்கு கவுண்டி மாறும், அத பாக்காம போகாதீங்க.

கேள்வி (ஒரு சகோதரி, ஹூஸ்டன்): அண்ணா, குட்டியோட நிக்கற தாய சுட மனசு எப்படி வருது? குட்டி செத்துடாதா?

பதில்: நியாயமான கேள்விம்மா. வெள்ளைவால் மான் இங்க பெரும்பாலும் மே, ஜூன்ல குட்டி போடும், நவம்பர்ல அது பால்குடி மறந்து அஞ்சாறு மாசம் ஆன குட்டி, தாய் இல்லாமலும் பொழைச்சுக்கும். உடம்புல புள்ளி இன்னும் மறையாத குட்டி கூட இருந்துச்சுன்னா நான் சுடறதில்ல, அது லேட்டா பொறந்தது. ஏன் பெட்டைய சுடணும்னு அடுத்து கேப்பீங்க. இங்க ஓநாய் ஒழிஞ்சு போச்சு, ஹில் கன்ட்ரில (நடு டெக்சஸ் மலைப்பகுதி) மான் ஜாஸ்தி, மரத்துல வாய் எட்டற உயரம் வரைக்கும் ஒரு இலை இருக்காது, வறட்சி வருஷத்துல பட்டினி கிடந்து சாகும். கெடாவ மட்டும் சுட்டா எண்ணிக்கை குறையாது. இருந்தும் மனசு வரலன்னா சுட வேணாம்மா, என் வீட்டுக்காரி என் கூட மூணு தடவை வந்து உக்காந்திருக்கா, பறவை பாத்துட்டு திரும்பிடுவா.

கேள்வி (வேகோ தம்பி): எல்லாம் சரியா இருக்கு, ஆனா மான் நேரா என்னைய பாத்து நிக்குது. அடிக்கலாமா?

பதில்: வேணாம். முழுசா பக்கவாட்டுல நிக்கணும், இல்ல லேசா அந்தப் பக்கம் திரும்பி நிக்கணும், அப்பதான் நுரையீரலும் இதயமும் தெளிவா கிடைக்கும். நம்மள பாத்த மாதிரி சாஞ்சு நின்னா தோள் எலும்பு குறுக்க வரும், குண்டு கொஞ்சம் பின்னாடி தள்ளிப்போனா குடல்ல பாயும். குடல்ல பட்டா அந்த மான் பல மணி நேரம் தவிக்கும், நீ உடனே தொரத்துனா எழுந்து ஓடிட்டே இருக்கும், அதனால ஆறு எட்டு மணி நேரம் விட்டுத்தான் தேடணும்பாங்க, ஆனா டெக்சஸ் சூட்டுல அதுக்குள்ள கறி கெட்டுடும், இல்லன்னா கயோட்டி (நம்ம ஊர் நரி மாதிரி) தின்னுடும். எப்படிப் பாத்தாலும் நஷ்டம். ரத்தம் இளஞ்சிவப்பா நுரையோட இருந்தா நுரையீரல், கிட்டத்துலயே விழுந்திருக்கும். கருஞ்சிவப்புன்னா ஈரல், பச்சையா நாத்தம் அடிச்சா குடல்.

கேள்வி (ஃப்ரிஸ்கோ தம்பி மறுபடியும்): நம்ம ஊர் புள்ளிமான் இங்க இருக்காமே, அதுக்கும் இதே கணக்கா?

பதில்: ஆமா, கிண்டில வேலி ஓரமா நின்னு பாத்தோமே அதே மான், இங்க ஆக்சிஸ்னு சொல்வாங்க, 1932ல கொண்டு வந்து விட்டது, இப்ப காடு மேடெல்லாம் பெருகிடுச்சு. அங்க தொட்டா ஜெயில், இங்க வெளிநாட்டு மான் கணக்குல வருஷம் பூரா சுடலாம், லைசன்ஸும் நிலத்துக்காரர் சம்மதமும் இருந்தா போதும். கணக்கு மட்டும் வேற. அதுக்கு குட்டி போட மாசம் கிடையாது, எப்ப வேணா போடும், அதனால தனியா மேயற பெட்டைக்கு எங்கயோ புல்லுக்குள்ள பால்குடிக்கற குட்டி படுத்திருக்கலாம், நான் மடி வீங்கி இருக்கான்னு பாத்துட்டுத்தான் தொடுவேன். சீசன் கிடையாதுங்கறதுக்காக யோசிக்காம சுடறத என்னால ஒத்துக்க முடியல.

கேள்வி (பெயர் வேணாம்னார்): ஹெச்1பி விசால இருக்கேன், துப்பாக்கி தொடலாமா?

பதில்: அமெரிக்க சட்டப்படி தற்காலிக விசால இருக்கறவங்க துப்பாக்கி வெச்சிருக்க கூடாது, ஆனா ஏதாவது ஒரு மாநிலத்தோட செல்லுபடியான வேட்டை லைசன்ஸ் இருந்தா விலக்கு உண்டு. லைசன்ஸ் காலாவதி தேதிய காலண்டர்ல போட்டு வைங்க, ஃப்ரெண்டு துப்பாக்கிய சும்மா கைல வாங்கி பாக்கறதும் அந்தத் தடைல அடங்கும். சந்தேகம்னா வக்கீல கேளுங்க, என்ன கேக்காதீங்க. 1971 செப்டம்பர் 2லயோ அதுக்கு அப்புறமோ பொறந்தவங்க ஹன்டர் எஜுகேஷன்ங்கற வேட்டைப் பயிற்சி வகுப்பும் முடிக்கணும்.

கேள்வி (கேட்டி நண்பர்): மெலிஞ்சு எச்சில் ஒழுகிட்டு ஒரு மான் நின்னா? இரக்கப்பட்டு சுட்டு சாப்பிடலாமா?

பதில்: சாப்பிடாதீங்க. மாநில வனவிலங்கு துறைக்கு போன் பண்ணுங்க. சிடபிள்யூடினு ஒரு மூளை நோய் 2012ல டெக்சஸ்ல முதல்ல கண்டுபிடிச்சாங்க, வேகவெச்சாலும் அத உண்டாக்கற கெட்ட புரதம் போகாது. மனுசனுக்கு பரவுனதா நிரூபணம் இல்ல, ஆனா பாசிட்டிவ் வந்த கறிய சாப்பிட வேணாம்னுதான் அரசு சொல்லுது. நோய் உள்ள மான் நல்லா கொழுகொழுன்னும் இருக்கலாம், அதனால நோய் இருக்கற ஏரியால சுட்டா சாம்பிள் குடுத்து ரிசல்ட் வர்ற வரைக்கும் ஃப்ரீசர்ல வைங்க.

கேள்வி (ஆஸ்டின் தம்பி): கடைசியா ஒண்ணு. நீங்க விட்டு வருத்தப்பட்ட மான் இருக்கா?

பதில்: போன வருஷம். சூரியன் மறைஞ்சு இருபத்தஞ்சு நிமிஷம், சட்டப்படி இன்னும் அஞ்சு நிமிஷம் பாக்கி. பெரிய கெடா, கொம்பு தெரியுது, ஆனா அந்த இருட்டுல காது நுனி எங்க இருக்குன்னு பிரிச்சு சொல்ல முடியல. விட்டுட்டேன். அடுத்த வாரம் பக்கத்து நிலத்து தாத்தா அதயே சுட்டு போட்டோ அனுப்பினார், உள்ளகலம் 17 இஞ்ச். ரெண்டு நாள் யாருகிட்டயும் பேசல. அப்புறம் அவரே ஒரு பின்தொடை குடுத்தார், கொழுப்ப சுத்தமா சீவி எடுத்துட்டு மிளகு தூக்கலா போட்டு சுக்கா வெச்சோம், தாத்தாவுக்கும் ஒரு டப்பா போச்சு, காரத்துக்கு மூணு கிளாஸ் பால் குடிச்சாராம்.