புதுச்சேரியில் ஐஈஎல்டிஎஸ் லிசனிங் தேர்வுக்கு வகுப்பில் எப்படித் தயார் செய்வார்கள்?

ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில், கேட்டு விடை எழுதும் பிரிவு இது: 4 பகுதிகள், 40 கேள்விகள், சுமார் 30 நிமிடம். ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஓடும். அதனால் ஒலி தொடங்குமுன் கேள்விகளைப் படித்து, விடை எண்ணா, பெயரா, இடமா என்று ஊகிக்கப் பழக்குவார்கள்.

அப்புறம் டிக்டேஷன். பழைய முறை என்று ஒதுக்காதீர்கள், என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம். புதுச்சேரியிலோ கடலூரிலோ தமிழ்வழியில் படித்த பிள்ளைகளுக்குச் சொற்கள் தெரியும். வேகமாகப் பேசும்போது அவை ஒட்டிக்கொள்வதுதான் சிக்கல்: ‘பிக் இட் அப்’ காதில் ‘பிக்கிட்டப்’ என்றே விழும். ஒரு நிமிடப் பதிவை நிறுத்தி நிறுத்தி எழுதவைத்து, அதன் எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டால் எங்கே தவறவிட்டோம் என்று தெரியும்.

எழுத்துப்பிழை இருந்தாலும் மதிப்பெண் போய்விடும். வெறும் மாதிரித் தேர்வு நடத்தும் மையமென்றால் சேரவேண்டாம். தவறுகளை உட்கார்ந்து அலசும் ஆசிரியரைத் தேடுங்கள்.