மீனைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதும்போது 'ஸ்பான்' (spawn) எங்கே வரும், 'பிரீட்' (breed) எங்கே வரும்? இரண்டும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. ராமநாதபுரம் மாவட்டத்தின் மண்டபம், தொண்டிக் கடலைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைப் பிரித்தே ஆக வேண்டும். வினை மாறிப்போனால் உயிரினமே மாறிப்போகும்.

முட்டையையும் விந்தையும் பெருவாரியாக நீரில் விடுவதுதான் ஸ்பான். சிந்து, கொட்டு என்று பொருள்படும் பழைய பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. முத்துச்சிப்பி, கடல் அட்டை, பெரும்பாலான மீன்கள் இதைச் செய்யும். ஆவுளியா (கடல் பசு) செய்யாது, அது பாலூட்டி, கன்று ஈனும். திருக்கை குட்டி போடும். கடல் குதிரையில் ஆணின் பையிலிருந்து குஞ்சு வெளிவரும். இவை மூன்றுக்கும் 'கிவ் பர்த்' போதும். ஆமைக்கு 'நெஸ்ட்'.

அதிகம் தடுமாறுவது நண்டில்தான். முட்டையை வயிற்றடியில் ஒட்டிச் சுமக்கும் சினை நண்டு 'பெர்ரீட்' (berried). முட்டை வெளிவந்து ஒட்டுவதை ஆய்வாளர்கள் ஸ்பான் என்பார்கள். மஞ்சளாக இருந்த முட்டை கறுத்து, குஞ்சு நீரில் பிரிவது 'ஹேட்ச்'. இந்த இரண்டையும் ஒன்றாக்கினால் தேதிக் கணக்கு நாள்கணக்கில் தவறும்.

பிரீட் என்பது இனப்பெருக்கத்தின் மொத்த வேலை. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 2010-இல் கடல் விராலை (கோபியா) பிரீட் செய்தது. தாய்மீன் வளர்ப்பு, முட்டை முதிர்ச்சி பார்ப்பது, ஹார்மோன் ஊசி, குஞ்சு வளர்ப்பு எல்லாம் அதில் அடங்கும். நடுவே தொட்டியில் மீன் முட்டையிட்ட அந்த ஒரு நிகழ்வு மட்டும் ஸ்பான். 'விஞ்ஞானிகள் மீனை ஸ்பான் செய்தார்கள்' என்பது குஞ்சுப் பொரிப்பகப் பேச்சில் வரும். பொது எழுத்தில் 'இண்டியூஸ்' (induce, தூண்டு) சேர்த்து எழுதுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்தின் காரணத்தை எழுதும்போது 'ஸ்பானிங் சீசன்', 'பிரீடிங் சீசன்' இரண்டும் சரி.

உருவகத்திலும் இந்த வேறுபாடு தொடரும். ஒன்றிலிருந்து பல, திடீரென்று, கட்டுக்கடங்காமல் கிளம்பினால் ஸ்பான்: ஒரு படகு திரும்பவில்லை என்ற செய்தி பத்து வதந்திகளை ஸ்பான் செய்யும். உள்ளுக்குள் மெல்ல வளர்வது பிரீட்: ஏலக்கூடத்தில் விலையை மறைத்தால் சந்தேகம் பிரீட் ஆகும். வட்டி குட்டி போடுவதற்கும் பிரீட்தான். ஆளைக் குறித்து மட்டும் ஸ்பான் வேண்டாம். ஒருவரின் பிள்ளைகளை அப்படிச் சொன்னால் அது வசவு.