யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய திறந்த மூல மென்பொருளை உருவாக்கும் சமூகங்களில், ஒருவரோடொருவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எழுதிவைக்கும் நடத்தைக் கோவை என்றாலே ஏன் சண்டை வருகிறது? அது உண்மையில் தேவையா?

தேவை என்பதே என் பதில். ஆனால், கோவையில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பற்றிய சண்டையைவிட, அதை வைத்து யார் யாரை எந்த முறையில் விசாரிப்பது என்பதைப் பற்றிய சண்டையே பெரியது என்று நினைக்கிறேன். கொழும்பில் மென்பொருள் பொறியியலாளராக வேலை பார்த்துக்கொண்டே, தமிழிலும் சிங்களத்திலும் தட்டச்சுச் செய்வதற்கான ஒரு சிறு கருவியை நண்பர்களுடன் பராமரித்து வருகிறேன் என்பதால், இந்தக் கேள்வி எங்களுக்கும் வந்து சேர்ந்தது.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை உருவாக்கும் சமூகத்தில் நடந்ததைப் பாருங்கள். 2015 மார்ச்சில் அங்கே ‘முரண்பாட்டுக் கோவை’ என்ற பெயரில் சிறிய ஆவணம் ஒன்று சேர்க்கப்பட்டது. உங்கள் நிரல் கடுமையாக விமர்சிக்கப்படும், அதற்குத் தயாராக வாருங்கள் என்பதே அதன் சாரம். தனிப்பட்ட முறையில் தாக்கப்பட்டதாக உணர்பவர் லினக்ஸ் பவுண்டேஷனின் தொழினுட்ப ஆலோசனைச் சபைக்கு எழுதலாம் என்றும் அதில் இருந்தது. 2018 செப்டெம்பர் 16 அன்று, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தம் கடுஞ்சொற்களுக்கு மன்னிப்புக் கேட்டுச் சில வாரங்கள் ஒதுங்கியிருக்கப் போவதாக அறிவித்தபோது, அந்த ஆவணம் நீக்கப்பட்டு, கொரலின் அடா எம்கி 2014 இல் எழுதிய ‘பங்களிப்பாளர் உடன்படிக்கை’ என்ற மாதிரிக் கோவையைத் தழுவிய கோவை அந்த இடத்துக்கு வந்தது. எதிர்த்தவர்களில் சிலர் தாங்கள் எழுதிய நிரலையே திரும்பப் பெறப்போவதாகச் சொன்னார்கள். கெர்னல் வழமைபோலவே வெளிவந்துகொண்டிருந்தது. அந்தக் கூச்சலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், நியாயமான ஓர் ஆட்சேபம் எஞ்சியிருந்தது. கோவையை அமுல்படுத்தாத பராமரிப்பாளரும் (பிறர் அனுப்பும் நிரலைப் பார்த்துச் சேர்ப்பவர்) நடவடிக்கைக்கு உள்ளாகலாம் என்ற வரியைப் படித்தவர்கள், இனித் தாங்கள் நிரலைப் பார்ப்பதா, ஆட்களைக் கண்காணிப்பதா என்று கேட்டார்கள். அடுத்த மாதமே விளக்க ஆவணம் ஒன்று சேர்க்கப்பட்டு, மற்றவர்களின் நடத்தையைப் பராமரிப்பாளர் தனியொருவராகக் கையாள வேண்டும் என்று எதிர்பார்க்கப்படவில்லை எனத் தெளிவுபடுத்தப்பட்டது. யார் எப்படித் தீர்மானித்தார்கள் என்ற வகையில், இன்னோர் இயங்குதளத் திட்டமான டெபியன் 2014 இல் தன் கோவையை உறுப்பினர்களின் வாக்கெடுப்பு மூலம் ஏற்றுக்கொண்டதையும் இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

(அதே 2018 இல், கோவை வேண்டும் என்று கேட்ட வாடிக்கையாளர்களுக்காக எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருள் திட்டம் ஆறாம் நூற்றாண்டுத் துறவியான புனித பெனடிக்டின் மடத்து விதிகளை எடுத்துப் போட்டது. பின்னர் அதற்கு ‘அறநெறிக் கோவை’ என்று பெயர் மாற்றினார்கள். நான் சிரித்தேன், ஆனால் முறைப்பாடு செய்ய வருபவருக்கு அந்த விதிகளால் ஒரு பயனும் இல்லை.)

ரஸ்ட் நிரலாக்க மொழிச் சமூகத்தில் பிரச்சினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. நல்ல கோவையும் அதைக் கவனிக்க மட்டுறுத்தும் குழுவும் அங்கே இருந்தும், மையக் குழு எவருக்கும் பொறுப்புச் சொல்லாத நிலையில் இருக்கிறது என்று குற்றஞ்சாட்டி, 2021 நவம்பரில் அந்த மட்டுறுத்தும் குழு முழுவதுமாகப் பதவி விலகியது. 2023 இல் தலைமைப் பேரவை ஒன்றை அமைத்து ஆட்சிமுறையையே மாற்ற வேண்டியதாயிற்று. பைத்தான் மொழிச் சமூகத்தில் 2024 ஓகஸ்டில், டிம் பீட்டர்ஸ் என்ற மூத்த நிரலாளர் மூன்று மாதங்களுக்கு இடைநிறுத்தப்பட்டபோது குற்றச்சாட்டுகள் பட்டியலாக வெளியிடப்பட்டன. எந்தக் கூற்றுக்காக எந்தக் குற்றச்சாட்டு என்று தெரியவில்லை என்பதே விமர்சித்தவர்களின் முக்கியமான முறையீடு. முறைப்பாட்டாளரைப் பாதுகாக்க வேண்டுமானால் சிலவற்றை மறைத்தே ஆகவேண்டும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆயினும், இலங்கையில் ஓர் அரச உத்தியோகத்தர்மீது முறையான ஒழுக்காற்று விசாரணை நடத்துவதற்குக்கூட, அரச சேவைக்கான தாபன விதிக்கோவையின்படி குற்றப்பத்திரிகை கொடுத்து அவருடைய விளக்கத்தைக் கேட்க வேண்டும். அந்த நடைமுறை எவ்வளவு இழுபறியானது என்று அரச அலுவலகங்களில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், ஆனாலும் அது இருப்பதால்தான் தீர்ப்பை எதிர்ப்பவரும் விசாரணையை எதிர்ப்பதில்லை.

அப்படியானால் கோவையே வேண்டாம் என்று சொல்பவர்களோடு நான் உடன்படாததற்குக் காரணம் இங்குள்ள மாணவர்கள். சுனாமிக்குப் பின்னர் சஹானா என்ற திறந்த மூல அனர்த்த முகாமைத்துவ மென்பொருளை உருவாக்கிய நாடு இது. புதியவர்களைத் திறந்த மூலத் திட்டங்களில் சேர்க்கும் கூகுளின் கோடைகால நிரலாக்கத் திட்டத்தில் மொரட்டுவைப் பல்கலைக்கழகம் பல ஆண்டுகள் முன்னணியில் இருந்திருக்கிறது. அப்படிப்பட்ட மாணவர் ஒருவர், முகம் தெரியாத பராமரிப்பாளருக்கு ‘சேர்’ என்று தொடங்கி ஒரு திருத்தத்தை அனுப்பி, அதற்கு ஏளனமான ஒற்றை வரிப் பதில் வந்தால், சண்டை பிடிக்கவோ முறைப்பாடு செய்யவோ மாட்டார். பேசாமல் போய்விடுவார். ஆகவே, ‘எங்களுக்கு ஒரு முறைப்பாடும் வரவில்லை’ என்று பெருமைப்படும் திட்டத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

இதே மாணவருக்குக் கோவையால் இடைஞ்சலும் வரக்கூடும். வீட்டில் தமிழும் வெளியில் சிங்களமும் பேசி, மூன்றாவதாக ஆங்கிலத்தில் எழுதுபவர், தான் அனுப்பிய திருத்தத்தைப் பற்றி ‘ஏன் இன்னும் இணைக்கவில்லை?’ என்று எழுதினால் வாசிப்பவருக்கு அது அதட்டலாகத் தோன்றலாம். அமெரிக்க அலுவலகப் பண்பை அளவுகோலாக்கி விசாரிக்கும் குழு அவரையும் மரியாதை தெரியாதவர் என்று எழுதிவிடும். பங்களிப்பாளர் உடன்படிக்கையின் 2019 ஆம் ஆண்டுப் பதிப்பில் திருத்தம், எச்சரிக்கை, தற்காலிகத் தடை, நிரந்தரத் தடை என்ற படிநிலைகள் சேர்க்கப்பட்டது இந்த வகையில் நல்லது. முதற்படியே தடையாக இருக்க வேண்டியதில்லை.

சிறு திட்டங்களில் இன்னொரு வேடிக்கை உண்டு. அந்த உடன்படிக்கையின் மாதிரியில், முறைப்பாட்டை அனுப்பும் முகவரியை நிரப்புவதற்கு அடைப்புக்குறிக்குள் ஓர் இடம் விட்டிருப்பார்கள். அதை நிரப்பாமலே அப்படியே பிரதி செய்து வைத்திருக்கும் திட்டங்களைக் காணலாம். அங்கே கோவை வெறும் அலங்காரம். நிரப்பியிருந்தாலும், பெரும்பாலும் அது ஒரே பராமரிப்பாளரின் மின்னஞ்சல். முறைப்பாடே அவர்மீதென்றால் எங்கே போவது?

எங்கள் திட்டத்தில் ஒரு பக்கக் கோவை இருக்கிறது. முறைப்பாட்டை ஏற்க இருவரை நியமித்திருக்கிறோம். அவர்களில் ஒருவர் எங்கள் திட்டத்தில் ஒரு வரி நிரலும் எழுதாதவர், என்மீதான முறைப்பாடு அவருக்கு மட்டுமே போகும். மூன்று மொழிகளில் எதிலும் எழுதலாம். தடை விதிக்கப்பட்டால், எந்தச் செயலுக்காக என்பதைச் சம்பந்தப்பட்டவருக்கு எழுத்தில் அறிவித்து, அவருடைய பதிலையும் வாங்க வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறோம்.